சேராமலே பிரிந்தவர்கள்

நவரத்தினத்துக்குப் பொய்யைச் சில்லறையாகச் சொல்லத் தெரியாது. சொன்னால் மொத்த வியாபாரம்தான். எண்பத்தாறாம் ஆண்டுக் கோடையில் அவன் ரண்டர்ஸ் கையுறைத் தொழிற்சாலையின் அலுவலகத்துக்குள் போய், இங்கர் என்ற பெண்ணின் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று, தன் தங்கை யோகமலருக்குப் பக்கத்து ஊரான விபோர்க்கில் ஒரு சம்லேவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வந்தான்.

சம்லேவர் என்றால் தாலியும் இல்லாமல், எழுத்து என்கிற பதிவும் இல்லாமல் ஒருவரோடு சேர்ந்து குடித்தனம் நடத்துகிறவர். டென்மார்க்கில் பாதிச் சனம் அப்படித்தான் இருந்தது. யாரும் யாரையும் முறைத்துப் பார்ப்பதில்லை. தொழிற்சாலைக்கு நூறு வயது நிறைகிறது என்று முதலாளி வேலையாட்கள் எல்லாரையும் மத்தியதரைக் கடலில் ஒரு வாரம் கப்பலில் கொண்டுபோவதாக அறிவித்திருந்தார். ஒவ்வொருவரும் ஒருவரைக் கூட்டி வரலாம்: கணவன், மனைவி, இல்லாவிட்டால் சம்லேவர். அத்தாட்சி எதுவும் வேண்டாம், வாயால் சொன்னால் போதும். தோலுக்குச் சாயம் போடுகிற நவரத்தினத்துக்கு மனைவி விமலாதேவி இருந்தாள். தையல் கூடத்தில் கையுறைகளுக்குப் பெருவிரல் பொருத்துகிற யோகமலருக்கு யாரும் இல்லை. சும்மா கிடைக்கிற ஓர் இடம் வெறுமையாய்க் கடல் தாண்டிப் போவதை, யாழ்ப்பாணம் பெரியகடையில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகனால் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

செய்தியைச் சொல்ல அவன் தங்கையின் அறைக்கு வந்தபோது சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“ஆள் ஆர்?” என்று யோகமலர் கேட்டாள்.

“குலேந்திரன். விபோர்க் தமிழ்ச் சங்கத் தலைவர். நீ கண்டிருக்கிறாய், பொங்கலண்டைக்கு மேடையில நிண்டு கதைச்சவர்.”

“அவரோ? அவர் கதைச்சு முடிக்கப் பொங்கல் கல்லாப் போச்சே.”

“பகிடி விடாதை. அவரோட உனக்குக் கதைச்சு முடிச்சாச்சு. கப்பலில கடைசி நாள் சாப்பாட்டில மோதிரம் மாத்திறியள். கப்டன் பக்கத்தில நிற்பார். படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பிறம்.”

“என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை.”

“இப்ப சொல்லுறன்தானே.”

அதற்குள் இன்னொரு கொடுக்கல் வாங்கலும் இருந்தது. குலேந்திரனின் தங்கை தவமலருக்கு டென்மார்க்கில் வதிவிட அனுமதி கிடைத்துவிட்டது. அவள் விமலாதேவியின் தம்பியைக் கட்டினால், யாழ்ப்பாணத்தில் இராணுவத்துக்கு ஒளித்துத் திரியும் அந்தப் பெடியனை இங்கே கூப்பிடலாம். குலேந்திரன் தங்கையைத் தருவான். பதிலுக்கு நவரத்தினம் தன் தங்கையைத் தரவேண்டும். மாற்றுச் சம்பந்தம். தராசு இரண்டு பக்கமும் நேராய் நின்றது. தட்டில் இருந்தவளை மட்டும்தான் ஒருவரும் கேட்கவில்லை.

“சம்லேவர் எண்டு ஏன் சொன்னனி, அண்ணை?”

“அது சும்மா ஒரு சொல்லு. உவங்கள் எழுத்துமில்லாமல் இருக்கிறவங்கள், உவங்களுக்கு உது ஒரு விஷயமே?”

யோகமலருக்குத் தெரியும், படம்தான் பொறி. அது அம்மாவின் கைக்குப் போனால் அம்மா அதை ஒழுங்கை முழுதும் வீடு வீடாய்க் காட்டிவிடுவாள். கண்ணீர் விடுவாள், நேர்த்திக்கடன் தீர்ப்பாள். காட்டிய சரக்கைத் திருப்பி எடுக்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இருந்ததில்லை. மோதிரம் மாற்றுவதற்கு முன்னால் இதை உடைக்காவிட்டால் பிறகு உடைக்க ஏலாது.

அதே வாரம் தையல் கூடத்தில் கோப்பி நேரத்தில், பக்கத்து மெஷினில் தைக்கிற கிர்ஸ்டன் தன் கோப்பையைக் கரண்டியால் தட்டினாள். அந்த ஊரில் அப்படித் தட்டினால் பேசப் போகிறேன் என்று அர்த்தம். தட்டியவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே வாய் வைக்கமாட்டார்கள், முதலாளியாய் இருந்தாலும் சரி. “நானும் யென்ஸும் பிரிந்துவிட்டோம். இப்போதும் நண்பர்கள்தான்,” என்றாள் கிர்ஸ்டன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. யாரில் பிழை என்று கேட்கவில்லை. ஒருத்தி எழுந்து கட்டிப்பிடித்தாள், இன்னொருத்தி கேக்கை வெட்டினாள். இரண்டு பிள்ளைகளைப் பெற்ற ஒரு குடித்தனம் கோப்பி ஆறுவதற்குள் மரியாதையாய் முடிந்தது.

அதற்குப் பிறகு யோகமலர் தைத்த முதல் பெருவிரல் சின்னவிரலின் பக்கத்தில் போய் நின்றது. பிரித்துத் திருப்பித் தைத்தாள்.

*

ரண்டர்ஸிலிருந்து ஜெனோவா துறைமுகம் வரை பஸ். டேனிஷ்காரர் ஜெர்மனி முழுதும் பியர் குடித்துப் பாடிக்கொண்டு வந்தார்கள். விமலாதேவி மிளகாய்த்தூள் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளையைப்போலக் காத்தாள். குலேந்திரன் யோகமலருக்கு முன் ஆசனத்தில் இருந்து, பின்னால் திரும்பாமலே பேசிக்கொண்டு வந்தான். சங்கத்துக்குத் தான் வருமுன்னர் என்ன நிலை, வந்த பின்னர் என்ன நிலை, தன் டேனிஷ் மொழி எவ்வளவு திறம். ஆல்ப்ஸ் மலை வந்தது, போனது. சங்கம் போகவில்லை.

கப்பலில் ஏறியதும் இங்கர் வாசலில் நின்று சாவிகளைக் கொடுத்தாள். “நவரத்தினம், விமலாதேவி,” என்று ஒரு சாவி. “யோகமலர், குலேந்திரன்,” என்று மற்றது. கண்ணைச் சிமிட்டிவிட்டு, “உங்களுக்கு ஜன்னல் உள்ள அறை எடுத்து வைத்தேன்,” என்றாள்.

நால்வரும் போய் அந்த அறையைத் திறந்து பார்த்தார்கள். ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே ஒரே ஒரு அகலக் கட்டிலும், அதன்மேல் அன்னம்போல மடித்த இரண்டு துவாய்கள் அலகோடு அலகு சேர்த்தபடியும் இருந்தன.

நவரத்தினத்தின் முகம் அவன் சாயம் போடுகிற தோலைப்போல நிறம் மாறியது.

“சும்மா ஒரு சொல்லு எண்டியே, அண்ணை,” என்றாள் யோகமலர். “சொல்லுக்குக் கட்டிலும் போட்டு வைச்சிருக்கினம்.”

“வாயைப் பொத்து! பொம்பிளையள் ரெண்டுபேரும் இஞ்ச. நானும் குலேந்திரனும் அங்க.”

“நான் இடப்பக்கம்தான் படுப்பன்,” என்றான் குலேந்திரன். தலைவர்கள் எந்த இடத்திலும் தங்கள் ஆசனத்தை முதலில் பார்த்துக்கொள்கிறவர்கள்.

அடுத்தநாள் காலை இங்கருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. யோகமலரைப் படிக்கட்டில் மறித்துத் தோளில் கை வைத்தாள். “நீங்கள் இரண்டுபேரும் வேறுவேறு அறையில் படுத்தீர்களாம். ஏதாவது சச்சரவா?”

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் யோகமலர் வாயைத் திறந்தாள். பிறகு மூடினாள். ‘இவள் நம்பிவிட்டாள்,’ என்று நினைத்தாள். அண்ணன் சும்மா என்று கொடுத்த சொல்லை இந்தப் பெண் நல்ல சரக்கென்று வாங்கி அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறாள். அதே சரக்கை ஒருநாள் அவளிடமே திருப்பிக் கேட்டு வாங்கலாம்.

“கொஞ்சம் கஷ்டம்தான்,” என்றாள் டேனிஷ் மொழியில்.

“எனக்குத் தெரிந்தது,” என்று இங்கர் பெருமூச்சு விட்டாள்.

*

அந்தக் கப்பலில் முதல்நாள் எந்த மேசையில் இருந்தீர்களோ அதுதான் கடைசிவரை மேசை. எதிரிகளை ஒன்றாய் இருத்திச் சாப்பிடச் செய்ய இதைவிட நல்ல ஏற்பாட்டை ஒருவனும் கண்டுபிடிக்க முடியாது. நால்வரோடு இங்கரும், தையல் கூடத்து மேற்பார்வையாளன் பென்ட்டும் இருந்தார்கள். பென்ட் இரண்டுமுறை குடித்தனம் பிரிந்தவன், அதை மீன்பிடிக் கதைகளோடு கலந்து சொல்லுவான்.

குலேந்திரன் யோகமலருக்கு எதிரே இருந்தான். மெல்லிய, வழுவழுப்பான கைகள். அவளுக்குத் தொழில் அது என்றபடியால் ஆளைப் பார்க்குமுன் கையைத்தான் பார்ப்பாள். இந்தக் கைக்குக் கையுறை தைத்தால் கிழியவே கிழியாது, கை எதையும் தொடாது என்று பட்டது.

“நீர் பன்றி இறைச்சி சாப்பிடுவீரோ?” என்று கேட்டான்.

“சாப்பிடுவன்.”

“இனி விடவேணும். கலியாணத்துக்குப் பிறகு உந்த வேலையையும் விட்டிடும். உம்மட கை தோல் மணக்குது.”

“இந்த மேசையில நாலு பேருக்கு அந்தத் தோல்தான் சோறு போடுது. நீங்கள் வந்த கப்பலும் தோல்தான்.”

நவரத்தினம் மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தான். பென்ட் சிரித்துக்கொண்டு, “என்ன சொல்கிறாள்?” என்றான்.

“சூப் நல்லாயிருக்காம்,” என்றான் நவரத்தினம்.

ஒவ்வொரு நேரமும் அதுதான். பொருதல் தமிழில் நடக்கும். சமாதானம் டேனிஷ் மொழியில் அறிவிக்கப்படும். நிறம் கொஞ்சம் மட்டுத்தான், ஆனால் குளிர்நாட்டில் வெளுக்கும் என்று குலேந்திரன் ஒருநாள் சொன்னான். உங்கட தலைமயிருக்கும் குளிர்நாடு ஏதாவது செய்யுமோ என்று அவள் திருப்பிக் கேட்டாள். அன்றைக்கு நவரத்தினம் அவள் காலை மிதித்த மிதியில் சப்பாத்தின் வார் அறுந்தது.

அறைக்குள்ளும் நிம்மதி இல்லை. விமலாதேவி அந்த அகலக் கட்டிலில் நடுவே ஒரு தலையணையை மதில்போல வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு பேசினாள்.

“ரண்டர்ஸில உனக்கு உன்ரை அறை, கதவுக்கு உன்ரை திறப்பு. நல்லது. என்ரை தம்பி ஆமி வந்தால் கிணத்துக்குள்ள இறங்கி நிக்கிறான். போன மாசம் பக்கத்து வீட்டுப் பெடியனைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள், இன்னும் ஆளில்லை. உனக்கு மாப்பிளையின்ரை கதை பிடிக்கேல்லை. அவ்வளவும்தானே?”

“மச்சாள், அதுக்கு நானோ விலை?”

“வேறை ஆர் இருக்கினம்? எனக்குத் தங்கச்சி இருந்தால் உன்னட்டை வந்திருக்கமாட்டன். நீ ஏதேனும் குழப்பினாயோ, என்ரை தம்பிக்கு ஒண்டு நடந்தால், உன்ரை முகத்தில முழிக்கமாட்டன். சாகிறமட்டும்.”

யோகமலர் தலையணை மதிலுக்கு இந்தப்பக்கம் கிடந்து, கிணற்றுக்குள் நிற்கிற ஒருவனை நினைத்தாள். கோபம் குறையவில்லை. ஆனால் இனி வெறும் ‘மாட்டன்’ என்று சொல்லித் தப்ப முடியாது என்று மட்டும் விளங்கியது. மாட்டன் என்றாலும் கிணற்றுக்காரனுக்கு ஒரு வழி வைத்துவிட்டுத்தான் சொல்லவேண்டும்.

*

கிரேக்க நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் கட்டியபோது டேனிஷ்காரர் எல்லாரும் தொப்பி போட்டு இறங்கிப் போனார்கள். தமிழர் நால்வரிடமும் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற நீலப் பயணப் புத்தகம். கரையில் நின்ற பொலிஸ்காரன் அதைத் தலைகீழாய் ஒருமுறை, நேராய் ஒருமுறை பார்த்தான். விசா இல்லை என்று கையால் காட்டினான். நவரத்தினம் சிரித்து, கெஞ்சி, கமராவைக் காட்டி, விலை பேசிப் பார்த்தான். பொலிஸ்காரன் விற்பனைக்கு இல்லை.

இருநூறு கதிரைகள் கொண்ட மேல்தட்டில் நால்வர் மட்டும் மிஞ்சினார்கள். நான்கு மூலையில் போய் இருந்தார்கள். தூரத்து மலையில் ஏதோ பழைய கோயிலின் தூண்கள் வெயிலில் தெரிந்தன. அவற்றைப் பார்க்கத்தான் சனம் உலகம் முழுதிலுமிருந்து வருகிறது. இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்காக அவற்றைப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் யோகமலர் எழும்பிக் குலேந்திரனின் மூலைக்குப் போனாள்.

“ஒரு கதை கதைக்க வேணும்.”

“கதையும்.”

“உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கோ?”

“இதென்ன கேள்வி? பிடிக்கிறது எல்லாம் பிறகு வரும்.”

“எனக்கு உங்களைப் பிடிக்கேல்லை. பிறகும் வராது.”

குலேந்திரன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “உமக்கு இருபத்தெட்டாகுது. உம்மட வாய்க்கு ஒருத்தன் கிடைக்கிறதே பெரிய காரியம். உம்மட அண்ணை வந்து நிண்ட நிலைக்குத்தான் நான் ஓம் எண்டனான்.”

“நல்லது. அப்ப இல்லை எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் ஒருத்தரும் உங்களைக் கேள்வி கேளாயினம்.”

“விபோர்க் முழுக்கச் சொல்லிப்போட்டு வந்தனான். மோதிரம் மாத்தப் போன தலைவர் வெறும்விரலோட வந்தார் எண்டு சனம் சிரிக்கவோ?”

“சரி. எங்கட அலுவலை விடுங்கோ. தவமலரின்ரை சம்பந்தம் நடக்கட்டும். அந்தப் பெடியன் என்ன பாவம் செய்தவன்?”

“ஒண்டு தந்தால்தான் ஒண்டு. நான் என்ன, சத்திரமோ நடத்துறன்?”

கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டான். கடை பூட்டியாயிற்று என்று அர்த்தம்.

பேரம் பேசத் தெரிந்தவன்தான் என்று யோகமலர் மனதுக்குள் ஒப்புக்கொண்டாள். ஆனால் அவன் தெரியாமல் ஒன்றைக் காட்டிக் கொடுத்துவிட்டான். அவனுக்கு வேண்டியது பெண்ணல்ல. விபோர்க்கில் தலையை நிமிர்த்திக்கொண்டு நடப்பது. வாங்க வந்தவனுக்கு உண்மையில் எது வேண்டும் என்று தெரிந்தபின், கடைக்காரருக்குப் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி.

*

கடைசி இரவுச் சாப்பாட்டுக்கு இங்கர் மேசை முழுதும் சின்னச் சின்ன டேனிஷ் கொடிகளை நட்டுவைத்திருந்தாள். நவரத்தினம் அவளிடம் விஷயத்தைச் சொல்லி, கப்பல் படக்காரனையும் ஏற்பாடு செய்திருந்தான். சண்டை பிடித்தவர்கள் சமாதானமாகி மோதிரம் மாற்றுகிறார்கள் என்று இங்கருக்கு அழுகையே வந்துவிட்டது. வெள்ளை உடுப்போடு கப்டன் வாசலில் தெரிந்தார். பக்கத்து மேசையில் முதலாளி இருந்தார். விமலாதேவி கூறைபோல ஒரு சிவப்புச் சேலை உடுத்தி, நாத்தனாருக்கும் ஒரு பட்டைச் சுற்றிவிட்டிருந்தாள். ஊசி குத்தும்போது இரண்டு தடவை சதையிலும் குத்தினாள். ஒருதடவைதான் தெரியாமல்.

நவரத்தினம் சேட்டுப் பையிலிருந்து மோதிரப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு எழும்புவதற்காகக் கதிரையைப் பின்னால் தள்ளினான்.

யோகமலர் கத்தியை எடுத்துத் தன் கண்ணாடிக் குவளையைத் தட்டினாள்.

இருநூறு டேனிஷ்காரரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். மண்டபம் கோயில்போல அமைதியானது. எழும்பப் போன நவரத்தினத்தைப் பென்ட் தோளில் பிடித்து இருத்தினான். “பொறு, அவள் பேசப் போகிறாள்.”

“நானும் குலேந்திரனும் பிரிந்துவிட்டோம்,” என்றாள் யோகமலர், கிர்ஸ்டன் சொன்ன அதே சொற்களில். “இந்தக் கப்பலில்தான் இரண்டுபேரும் கதைத்து முடிவெடுத்தோம். ஒருவரிலும் பிழை இல்லை. கொடி வைத்த இங்கருக்கு நன்றி. நூறு வருஷத் தொழிற்சாலைக்கும் நன்றி. சாப்பாட்டுக்கும் நன்றி.”

இருந்தாள்.

“பொய்!” என்று நவரத்தினம் தமிழில் கத்தினான்.

“எது பொய், அண்ணை?” என்று அவள் மெதுவாகக் கேட்டாள். “நாங்கள் சேர்ந்து இருக்கேல்லை எண்டு சொல்லப்போறியோ? சொல்லு. முதலாளி பக்கத்திலதான் இருக்கிறார். உவரை எப்பிடிக் கப்பலில ஏத்தினனி எண்டும் சேர்த்துச் சொல்லு.”

நவரத்தினம் மோதிரப் பெட்டியை எடுத்துத் திரும்பவும் சேட்டுப் பைக்குள் வைத்தான். அவனே விற்ற சரக்கு அவன் வாசலுக்கே திரும்பி வந்து நின்றது.

“என்ன சொல்கிறார் அண்ணன்?” என்று இங்கர் கேட்டாள்.

“கவலைப்படுறார்,” என்றாள் யோகமலர்.

அதன்பின் டேனிஷ்காரருக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரிந்திருந்தது. எத்தனையோ வீடுகளில் பழகிய காரியம். இங்கர் அவளைக் கட்டிப்பிடித்தாள். கிர்ஸ்டன் தூரத்து மேசையிலிருந்து ஓடிவந்து மறுபக்கத்தால் கட்டிப்பிடித்தாள். முதலாளி எழுந்து, தைரியமாய்ப் பேசினாய் என்று கைகொடுத்தார். கப்டன் ஒருமுறை தலையைக் குனிந்து வணங்கிவிட்டு, யாருக்கோ பிறந்தநாள் என்று வேறு மேசைக்குப் போய்விட்டார்.

குலேந்திரன் கையும் காலும் ஓடாமல் இருந்தான். தன் டேனிஷ் அறிவைப்பற்றிப் பஸ்ஸில் அவன் சொன்னதெல்லாம் உண்மைதான். ஒரு சொல்லும் விடாமல் விளங்கிவிட்டது. பென்ட் அவனைக் கையைப் பிடித்துத் தூக்கித் தன்னைப்போலக் குடித்தனம் பிரிந்த கூட்டாளிகளின் மேசைக்குக் கொண்டுபோனான். “முதல் மாதம்தான் கஷ்டம், தம்பி. பிறகு மீன்பிடிக்கப் போகலாம்,” என்று சொல்லி ஒரு சின்னக் குவளையில் சாராயத்தை ஊற்றிக் கையில் திணித்து, கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டான். சும்மா நின்ற படக்காரன், வந்ததற்கு ஒரு படமாவது எடுப்போம் என்று அதை எடுத்தான்.

*

கப்பலில் எடுத்த படங்களை மறுநாள் காலை நடைபாதைப் பலகையில் குத்தி வைப்பது வழக்கம். ஜெனோவாவில் இறங்கப் பெட்டிகளோடு சனம் வரிசையில் நின்றபோது யோகமலர் அந்தப் பலகையைக் கண்டாள். கொடிகளுக்கு நடுவே பென்ட்டின் கைக்குள் குலேந்திரன். கையில் சாராயம், கண்ணில் பிரேதக்களை. காசு கொடுத்து அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு வரிசையில் அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“நல்லாய் விழுந்திருக்கிறீர்,” என்றாள்.

குலேந்திரன் படத்தைப் பார்த்தான். அவள் ‘நீங்கள்’ என்பதை விட்டு ‘நீர்’ போட்டதை அதற்குப் பிறகுதான் கவனித்தான். “உம்மைப் போல ஒரு...”

“முழுக்கச் சொல்லும். பஸ்ஸில சனம் இருக்கும், பிறகு சொல்ல வாய்க்காது.”

அவன் கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

“விபோர்க்கில போய், நீர்தான் என்னை வேண்டாம் எண்டு விட்டதாச் சொல்லும்,” என்றாள் யோகமலர். “நான் வாய் திறக்கமாட்டன். அண்ணையும் திறக்கார். தலைவர் பொம்பிளையை விட்டுப்போட்டு வந்தார் எண்டால் உமக்கு மதிப்புத்தான். பதிலுக்குத் தவமலரின்ரை எழுத்து நடக்க வேணும். அதுமட்டும் இந்தப் படம் என்னட்டை இருக்கும். நடக்காட்டி உங்கட சங்கச் சுவரில இருக்கும்.”

குலேந்திரன் கடலைப் பார்த்தான். வரிசை நகர்ந்தது. பெட்டியைத் தள்ளினான்.

“கேட்டால் என்ன காரணம் சொல்லுறது?”

“உமக்கு விருப்பமானதைச் சொல்லும்.”

“வாய்க்காறி எண்டு சொல்லுவன்.”

“சொல்லும்.”

“வயசும் கூட எண்டு.”

“சரி.”

“நிறமும்...”

“ரெண்டுக்கு மேல தரேலாது.”

கொஞ்சம் யோசித்து, “வாய்க்காறி. வயசு,” என்றான். முடிந்தது. அவனுக்கும் அவளுக்கும் இடையில் ஒத்துப்போன ஒரே காரியம் அதுதான்.

பஸ்ஸில் நவரத்தினம் முன்வரிசையில் இருந்து உரத்து, எல்லாருக்கும் கேட்க, “எனக்குத் தங்கச்சி எண்டு ஒருத்தி இல்லை,” என்றான். கேட்டவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்றுபேர்.

“அவளோட கதைக்காதேங்கோ,” என்றாள் விமலாதேவி. பிறகு குரலைத் தாழ்த்தி, “தவமலரின்ரை அலுவல் நடக்குமெண்டு குலேந்திரன் சொன்னவராம். ஒருக்கா உறுதியாக் கேளுங்கோ,” என்றாள். சாப்பாட்டுப் பார்சல் வந்தபோது அதை யோகமலரின் தலைக்கு மேலால் பின் ஆசனத்துக்குக் கொடுத்தாள்.

*

ரண்டர்ஸ் தொழிற்சாலை வாசலில் பஸ் நின்றபோது மழை. குலேந்திரனை விபோர்க்குக்குக் கூட்டிப்போகச் சங்கத்து ஆனந்தராஜாவும் இன்னும் இரண்டு பெடியங்களும் காரோடு வந்திருந்தார்கள். புதிதாய் வந்தவர்கள், டேனிஷ் பள்ளிக்கூடத்துக்கே இன்னும் போகத் தொடங்கவில்லை. ஆனந்தராஜா கையில் ஒரு பூச்செண்டு வைத்திருந்தான்.

“மோதிரம் எங்க, தலைவர்?”

“நான் வேண்டாம் எண்டிட்டன்,” என்றான் குலேந்திரன். எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னான். “பொம்பிளை வாய்க்காறி. வயசும் கூட. எங்கட ஆக்களுக்குச் சரிவராது.”

பெடியங்கள் மூவரும் திரும்பி யோகமலரைப் பார்த்தார்கள். பழைய சரக்கைப் பார்க்கிற பார்வை. இந்தக் கதை நாளைக்கு விபோர்க்கில், மறுநாள் தலைநகர்ப் பக்கத்து இஷொய்யில், மாதம் முடிவதற்குள் அம்மாவின் ஒழுங்கையில். இனி யாரும் வந்து விலை கேட்கப்போவதில்லை. நவரத்தினம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளைக் கடந்து போனான். அவள் நாக்கு நுனியில் மூன்று நல்ல பதில்கள் வந்து வரிசையில் நின்றன. ஒவ்வொன்றாய் விழுங்கினாள். பேசிய விலை அது.

அப்போது இங்கர் குடையோடு ஓடிவந்தாள். யோகமலரிடமல்ல, நேரே குலேந்திரனிடம். அவன் இரண்டு கைகளையும் பிடித்து, கண்ணைப் பார்த்து, டேனிஷ் மொழியில் தெளிவாய், உரத்துச் சொன்னாள்: “மனதைத் தளரவிடாதே. அவள் உன்னை விட்டுப் போனது உன் பிழை இல்லை. நீயும் ஒருநாள் உனக்கென்று ஒருத்தியைக் கண்டுபிடிப்பாய்.” கன்னத்தில் தட்டிவிட்டுப் போனாள்.

“அவ என்ன சொல்லுறா, தலைவர்?” என்று ஆனந்தராஜா கேட்டான்.

குலேந்திரன் யோகமலரைப் பார்த்தான். யோகமலர் படம் கிடந்த கைப்பையின் வாயைத் திறந்து, உள்ளே எதையோ தேடுகிறவள்போல நின்றாள்.

“மழை கடுமையாம்,” என்றான் குலேந்திரன். “கவனமாக் காரை ஓட்டச் சொல்லுறா.”

“ஓம்,” என்றாள் யோகமலர். “அப்பிடித்தான் சொன்னவ.”

கைப்பையைப் படக்கென்று மூடிக்கொண்டு, பூச்செண்டோடு நின்ற ஆனந்தராஜாவைச் சுற்றி மழைக்குள் இறங்கி நடந்தாள்.